‘கரெஸ் ஆஃப் ஸ்டீல்’ ஏன் படுத்தது? ரஷ் குழுவின் ஓரங்கட்டப்பட்ட ஆல்பம்

கனடாவின் ராக் குழுவான ரஷ் மறுபடியும் மேடையேறப் போவதாக 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. டிரம்மர் நீல் பியர்ட் 2020 ஜனவரியில் இறந்தபோதே குழுவின் கதை முடிந்தது என்று ரசிகர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். இப்போது பாடகர் கெடி லீயும் கிட்டார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சனும் ஜெர்மானிய டிரம்மர் அனிகா நில்லஸைச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறார்கள். 2026 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பயணம் தொடங்கும் என்பது அறிவிப்பு.

இந்தச் சாக்கில் ரஷ் ஆல்பங்களை முதலிலிருந்து வரிசையாகக் கேட்கிறவர்களுக்கு மூன்றாவதில் ஓர் இடறல் வரும். 1975 செப்டம்பரில் வந்த ‘கரெஸ் ஆஃப் ஸ்டீல்’ அது. அதைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான்: இருபது நிமிடப் பாட்டுப் போட்டார்கள், ஆல்பம் படுத்துவிட்டது, இசைத்தட்டுக் கம்பெனி கழுத்தைப் பிடித்தது, அடுத்து ‘2112’ என்ற ஆல்பம் வந்தது, குழு பிழைத்தது.

கதை சரிதான். காரணம்தான் உதைக்கிறது. ‘2112’இலும் இருபது நிமிடப் பாட்டு இருக்கிறது, சொல்லப்போனால் அரை நிமிடம் கூடுதல். அதே மெர்க்குரி கம்பெனி, அதே தயாரிப்பாளர் டெர்ரி பிரவுன், டொராண்டோவில் அதே ஸ்டூடியோ. இரண்டுக்கும் இடையே ஓராண்டுகூட இல்லை. ஆனால் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முன்னது 148ஆம் இடத்தோடு நின்றது, பின்னது 61 வரை ஏறியது. நீளம்தான் குற்றம் என்றால் இரண்டுமே விழுந்திருக்க வேண்டும். வேறு எது மாறியது?

அதற்கு அந்தக் காலத்து வியாபாரம் எப்படி நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அரீனா ராக்: அரங்கும் வானொலியும்

அரீனா என்பது ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து ஆட்டங்களுக்காகக் கட்டிய உள்ளரங்கம். பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் உட்காரலாம். 1970களின் தொடக்கத்தில் ஒலிபெருக்கி அமைப்புகள் இவ்வளவு பெரிய இடத்தை நிரப்பும் அளவுக்கு வளர்ந்ததும், ராக் குழுக்கள் கிளப்புகளையும் பழைய தியேட்டர்களையும் விட்டு இங்கே குடியேறின. கூரையில் மோதித் திரும்பும் எதிரொலியில் நுணுக்கமெல்லாம் கரைந்துபோகும். நின்று அடிக்கும் தாளம், கூட்டம் சேர்ந்து பாடக்கூடிய பல்லவி, தூரத்திலிருந்தும் புரியும் கிட்டார் வரி ஆகியவைதான் தாக்குப்பிடித்தன. அரீனா ராக் என்று பிற்பாடு பெயர்பெற்ற இசை உருவானதில் இசைக்கலைஞர்களுக்கு இருந்த பங்கு கட்டடத்துக்கும் இருந்தது.

அந்த அரங்கை நிரப்ப ஆள் கூட்டிக்கொடுத்தது எஃப்.எம். வானொலி. பெரிய நகரங்களில் ஒரே நிறுவனம் ஏ.எம்.இல் போடுவதையே எஃப்.எம்.இலும் பாதி நேரத்துக்கு மேல் போடக்கூடாது என்று 1960களின் நடுவில் அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது. காலியான நேரத்தை நிரப்ப, நிலையங்கள் அறிவிப்பாளர்கள் கையில் இசைத்தட்டுகளைக் கொடுத்து விட்டுவிட்டன. ஏழு நிமிடப் பாட்டும் ஓடியது, பதினேழு நிமிடப் பாட்டும் ஓடியது. எழுபதுகளின் நடுவில் இந்தச் சுதந்திரம் சுருங்க ஆரம்பித்தது. லீ ஆப்ரம்ஸ் போன்ற ஆலோசகர்கள் எந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டை மட்டும் போடலாம் என்று பட்டியலிட்டுக் கொடுத்தார்கள். ‘கரெஸ் ஆஃப் ஸ்டீல்’ வந்தது இந்தக் கதவு மூடிக்கொண்டிருந்த நேரத்தில்.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும்: தொடக்கக் குழு. பெரிய குழு மேடைக்கு வருவதற்கு முன் அரை மணியோ முக்கால் மணியோ வாசிக்கும் சின்னக் குழு அது. டிக்கெட் வாங்கியவர் இவர்களுக்காக வந்தவரில்லை. ஒலி, ஒளி, மேடை இடம் எல்லாம் பெரிய குழு பார்த்துக் கொடுப்பதுதான்.

1975இல் ரஷ் நின்ற இடம்

டொராண்டோவின் வில்லோடேல் பகுதியில் 1968இல் தொடங்கிய குழு இது. 1974இல் முதல் ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் டபிள்யூ.எம்.எம்.எஸ். வானொலி நிலையத்தில் டானா ஹால்ப்பர் அதிலிருந்த ‘வொர்க்கிங் மேன்’ பாட்டைப் போட, அந்தத் தொழிற்சாலை ஊரில் பற்றிக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் மெர்க்குரி ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கப் பயணம் தொடங்கும் நேரத்தில் டிரம்மர் ஜான் ரட்சி விலக, நீல் பியர்ட் வந்தார். வந்தவர் புத்தகப் புழு. பாட்டு எழுதும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

1975 பிப்ரவரியில் இரண்டாவது ஆல்பம் ‘ஃப்ளை பை நைட்’ வந்தது; பில்போர்டில் 113. பெரிய வெற்றி இல்லை, ஆனால் தோல்வியும் இல்லை. கிஸ், ஏரோஸ்மித் போன்ற குழுக்களுக்குத் தொடக்கக் குழுவாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடையில் மூன்றாவது ஆல்பத்துக்கு ஸ்டூடியோவுக்குள் போனபோது மூவருக்கும் வயது இருபத்திரண்டு, அல்லது அதை எட்டும் தறுவாய்.

தட்டில் என்ன இருக்கிறது

ஏ பக்கத்தில் மூன்று சின்னப் பாட்டுகள், ஒரு நீளப் பாட்டு. பி பக்கம் முழுக்க ஒரே பாட்டு.

‘பாஸ்டீல் டே’ பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றியது. கில்லட்டின், பட்டினி, வீழும் அரசர்கள் எல்லாம் நாலரை நிமிடத்துக்குள் வந்து போகும். கிட்டார் வரி முதல் நொடியிலேயே சட்டையைப் பிடிக்கிறது. கெடி லீயின் உச்சஸ்தாயிக் குரல் இங்கே ஆயுதமாகவே பயன்படுகிறது. அடுத்தது ‘ஐ திங்க் ஐ’ம் கோயிங் பால்ட்’. முடி கொட்டுகிறதே என்று எப்போதும் கவலைப்பட்ட நண்பர், மேக்ஸ் வெப்ஸ்டர் குழுவின் கிம் மிட்சலை வைத்துப் பிறந்த பாட்டு. எழுதியவருக்கு வயது இருபத்திரண்டு! நண்பர்களுக்குள் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம்.

‘லேக்சைட் பார்க்’ வேறு ரகம். பியர்ட் வளர்ந்த செயின்ட் கேத்தரின்ஸ் ஊரின் போர்ட் டல்ஹௌசியில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கும் பூங்கா அது. பள்ளி விடுமுறைகளில் அங்கிருந்த கேளிக்கை விளையாட்டுக் கடைகளில் அவர் வேலை பார்த்திருக்கிறார். மே 24, விக்டோரியா நாள் வாணவேடிக்கையைப் பாட்டு நேரடியாகச் சொல்கிறது. அந்தக் கடைகளெல்லாம் போய்விட்டன. மரக்குதிரை ராட்டினம் மட்டும் இன்னும் சுற்றுகிறது, கட்டணம் இன்றும் 5 சென்ட். பூங்காவின் மண்டபத்துக்கு 2020இல் பியர்ட் பெயரை வைத்தார்கள். மந்திரவாதிகளும் இளவரசர்களும் நிறைந்த இந்த ஆல்பத்தில், முகவரி சொல்லிப் போய்ப் பார்க்கக்கூடிய ஒரே இடம் இதுதான்.

‘தி நெக்ரோமான்சர்’ பன்னிரண்டரை நிமிடம், மூன்று பகுதிகள். மூன்று பயணிகள் (மூவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை) ஒரு மந்திரவாதியின் கோபுரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்; பை-டோர் என்ற இளவரசன் வந்து மீட்கிறான். இதே பை-டோர் முந்தைய ஆல்பத்தில் வில்லன். எப்போது திருந்தினான் என்று யாரும் விளக்கவில்லை. பகுதிகளுக்கு நடுவே வேகம் குறைத்துக் கனமாக்கிய குரலில் கதைசொல்லல் வருகிறது. அங்கேதான் பலருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் முதல் பகுதியில் மெதுவாக ஊர்ந்து வரும் கிட்டாரும், நடுப்பகுதியில் லைஃப்சன் கட்டவிழ்த்துவிடும் தனி வாசிப்பும் இந்தக் கதைக்குத் தேவைக்கு மேல் நல்லவை.

பி பக்கத்தின் ‘தி ஃபவுண்டன் ஆஃப் லாம்னெத்’ ஆறு பகுதிகள் கொண்டது. பிறப்பிலிருந்து தொடங்கி, மலைமேல் இருக்கும் ஓர் ஊற்றைத் தேடிப்போகும் ஒருவனின் வாழ்க்கை. பள்ளத்தாக்கில் கண்விழிக்கிறான். அடுத்த ஒரு நிமிடம் டிரம்ஸும் கத்தலும் மட்டும். பெரியவர்கள் வாயிலிருந்து வரும் கட்டளைகள். பிறகு மாலுமிகள் கைவிட்டுப்போன கப்பலில் தனியாக நிற்கிறான். ஒரு பெண்ணிடம் ஆறுதல், ஒரு மேட்டில் மது, கடைசியில் ஊற்று. ஊற்றை அடைந்தவனுக்குக் கிடைப்பது வெறுமைதான். பாட்டும் தொடங்கிய அதே அக்கூஸ்டிக் கிட்டார் வரிக்குத் திரும்புகிறது.

அதில் மூன்றாம் பகுதியான ‘நோ ஒன் அட் த பிரிட்ஜ்’ உண்மையிலேயே தனிமையாக ஒலிக்கிறது. நாலாவதான ‘பனேசியா’வில் கெடி லீ வீறிடாமல் பாடுகிறார், அந்தக் கால ரஷ்ஷில் அது அபூர்வம். ஐந்தாவதான ‘பாக்கஸ் பிளாட்டோ’ என் கணிப்பில் இந்த ஆல்பத்தின் சிறந்த பாட்டு: மூன்றே கால் நிமிடம், ஒருமுறை கேட்டால் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, நடுத்தர வேகம், முழங்க ஏற்ற பல்லவி. 1975இன் எந்த எஃப்.எம். நிலையமும் தயங்காமல் போட்டிருக்கும். அது இருக்கும் இடம்தான் பிரச்சினை.

எங்கே இடித்தது

1. பாட்டு புதைந்து கிடந்தது. ‘பாக்கஸ் பிளாட்டோ’ தொடங்குவது பி பக்கத்தில் சுமார் பதிமூன்றாவது நிமிடத்தில். மற்ற ஐந்து பகுதிகளோடு அதுவும் ஒரே பெயருக்குள் அடக்கம். நேரலையில் இருக்கும் அறிவிப்பாளர், ஒரு பெரிய பாட்டின் நடுவில் குத்துமதிப்பாக ஊசியை வைத்து அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். யார் மெனக்கெடுவார்கள்? முதலிலிருந்து ஓடவிட்டால் இருபது நிமிடம் போய்விடும்.

2. விகிதம். மொத்தம் ஏறக்குறைய 45 நிமிடம். அதில் இரண்டு நீளப் பாட்டுகள் மட்டும் 32 நிமிடத்துக்கு மேல், அதாவது நூற்றுக்கு 72 பங்கு. மிச்சமுள்ள பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்று வழுக்கை நகைச்சுவை. வானொலிக்கும் மேடைக்கும் எடுத்துக்கொடுக்க உருப்படியாக இருந்தவை இரண்டே பாட்டுகள்.

3. மேடை. அரை மணி நேரம் மட்டுமே கிடைக்கும் தொடக்கக் குழு, இன்னொருவருக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் முன்னால் இருபது நிமிடத் தேடல் கதையை எப்படி வாசிக்கும்? யெஸ், ஜெத்ரோ டல், எமர்சன் லேக் அண்ட் பாமர் எல்லாம் முழுப் பக்க நீளத்துக்குப் பாட்டு போட்டுப் பெயர் வாங்கியவர்கள்தானே என்று கேட்கலாம். டல்லின் ‘திக் ஆஸ் எ பிரிக்’ 1972இல் அமெரிக்காவில் முதலிடமே பிடித்தது. ஆனால் அவர்கள் தங்கள் பெயரிலேயே அரங்கை நிரப்பியவர்கள். இரண்டு மணி நேரம் அவர்கள் கையில் இருந்தது. ரஷ் எடுத்துக்கொண்டது அந்தக் குழுக்களின் வடிவத்தை. மேடை நேரம் மட்டும் தொடக்கக் குழுவுக்கு உரியது.

இதே செப்டம்பரில், ரஷ் யாருக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்ததோ அந்த கிஸ் குழு ‘அலைவ்!’ என்ற நேரடிப் பதிவை வெளியிட்டது. அவர்களுக்கும் முந்தைய மூன்று ஸ்டூடியோ ஆல்பங்கள் கைகொடுக்கவில்லை. மேடையில் நடப்பதை அப்படியே தட்டில் ஏற்றினார்கள். ஒரே ஆல்பத்தில் நட்சத்திரங்களானார்கள். ரஷ் நேர் எதிராக, மேடைக்கு எடுத்துப்போக முடியாததைத் தட்டில் ஏற்றியது.

4. பக்கத்தின் நீளம். 12 அங்குல எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 20, 22 நிமிடம் வசதியாக அடங்கும். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலி அளவைக் குறைக்க வேண்டும். ஏ பக்கம் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடுகிறது. இருப்பதிலேயே வலுவான ‘பாஸ்டீல் டே’வுக்கு நெருக்கடியான பக்கம் வாய்த்தது.

(தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒலித்தரம் குறைவதும் உண்மை. வெளிவட்டத்தில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள்வட்டத்தில் ஏறக்குறைய 20தான். ஊற்றுக்கு வந்து சேரும் உச்சக்கட்டம் அங்கேதான் விழுகிறது. ஆனால் ‘2112’இன் முடிவுக்கும் இதே கதிதான், அதனால் இதைத் தோல்விக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.)

5. தொனி. முடி கொட்டும் கேலியும் மரணத் தத்துவமும் ஒரே தட்டில், இடையே எந்தப் பாலமும் இல்லாமல். அட்டையும் உதவவில்லை. ஹியூ சைம் ரஷ்ஷுக்கு வரைந்த முதல் அட்டை இது. பெயருக்கேற்ப எஃகு நிறம் வரவேண்டும் என்பது திட்டம், அச்சில் தாமிரம் மாதிரி வந்துவிட்டது.

கடனும் கெடுவும்

ஆல்பம் படுத்தால் குழுவுக்கு என்ன நஷ்டம்? ஒலிப்பதிவுக்குக் கம்பெனி கொடுக்கும் பணம் முன்பணம். விற்பனையில் குழுவுக்குச் சேரவேண்டிய பங்கிலிருந்து அது முழுக்கப் பிடித்தமாகும் வரை கையில் காசு வராது. பயணச் செலவையும் பெரும்பாலும் கடனில்தான் ஓட்டுவார்கள். அதனால் ஒரு தோல்வி இரண்டு ஆண்டு உழைப்பைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

அந்த இலையுதிர்காலப் பயணத்தில் அரங்குகள் சிறுத்தன, கூட்டம் குறைந்தது. குழுவினர் தாங்களே அதற்கு ‘டவுன் த ட்யூப்ஸ் டூர்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்: மூழ்கிப்போகும் பயணம். அப்பாவின் விவசாய இயந்திரக் கடைக்குத் திரும்பிவிடலாமா என்று பியர்ட் யோசிக்கும் நிலை. மெர்க்குரி கைகழுவத் தயாராக இருந்தது. மேலாளர் ரே டேனியல்ஸ் பேசி இன்னொரு வாய்ப்பு வாங்கினார். சின்னச் சின்னப் பாட்டாக, வானொலிக்கு ஏற்றதாக வேண்டும் என்பது கம்பெனியின் எதிர்பார்ப்பு.

‘2112’ எதை மாற்றியது

கம்பெனி சொன்னதை மீறி நீளப் பாட்டே போட்டார்கள் என்பதுதான் எல்லோருக்கும் பிடித்த வீரக்கதை. பாதி உண்மை. நீளத்தை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும் திருத்தினார்கள்.

1. நீளப் பாட்டு ஏ பக்கத்துக்கு வந்தது. ஊசியை ஓரத்தில் வைத்தால் நேராக அதன் முன்னிசை. அதையும் அடுத்த பகுதியையும் சேர்த்தால் ஏழு நிமிடத்துக்குள் அடங்கும், தனியாக நிற்கும் ஒரு துண்டு. அறிவிப்பாளர் தேட வேண்டியதில்லை, தொடக்கக் குழுவும் அதை மேடையில் வாசிக்கலாம்.

2. நீளப் பாட்டு ஒன்றே ஒன்று. பி பக்கத்தில் ஐந்து தனிப் பாட்டுகள். 72 பங்காக இருந்த நீளம் 53 பங்காக இறங்கியது. எந்தப் பக்கமும் 21 நிமிடத்தைத் தாண்டவில்லை.

3. கதை ஒரே வரியில் சொல்லும்படி ஆனது. பூசாரிகள் ஆளும் எதிர்கால உலகில் ஒருவன் கிட்டாரைக் கண்டெடுக்கிறான், அவர்கள் அதை நசுக்குகிறார்கள். லாம்னெத்தில் தேடுகிறவனுக்கு எதிரி என்று யாரும் இல்லை, அவனைத் தடுக்கிறவர்களும் இல்லை. ‘2112’இல் கோபம் இருக்கிறது, அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை முந்தைய ஆறு மாதத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

4. மெட்டுகள் திரும்பி வந்தன. முன்னிசையில் கேட்டவை உள்ளே மறுபடி தலைகாட்டி இருபது நிமிடத்தைக் கட்டிப்போட்டன. லாம்னெத்தில் தொடக்கமும் முடிவும் மட்டும்தான் கைகோக்கின்றன. நடுவில் இருக்கும் நான்கும் தனித்தனிப் பாட்டுகளாகவே நிற்கின்றன.

ஆக, ‘கரெஸ் ஆஃப் ஸ்டீல்’ இல்லாமல் ‘2112’ இல்லை என்று ரசிகர்கள் சொல்வது உணர்ச்சிப் பேச்சு இல்லை. ஒரு வரைவை அடித்துத் திருத்தியதுபோல் எந்த இடத்தில் என்ன மாறியது என்று விரல்வைத்துக் காட்ட முடியும். திருத்தத்தில் விட்டுப்போனதும் உண்டு: ‘பனேசியா’வின் மென்மையை ரஷ் அதன்பின் அதிகம் தேடிப்போகவில்லை.

அப்புறம் ஆல்பம் எங்கே போயிற்று

1976 ஜூனில் டொராண்டோவின் மாசி ஹாலில் பதிவான ‘ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்’ நேரடி ஆல்பம் ‘பாஸ்டீல் டே’யோடுதான் தொடங்குகிறது; ‘லேக்சைட் பார்க்’கும் அதில் உண்டு. அமெரிக்காவில் அவர்கள் முதல் 40 இடங்களுக்குள் வந்தது அந்த ஆல்பத்தால். மூன்றாவது ஆல்பத்தை வாங்காதவர்களும் அதன் இரண்டு பாட்டுகளை இப்படித் தெரிந்துகொண்டார்கள், மற்றவை இருட்டிலேயே கிடந்தன. 1978இல் மெர்க்குரி முதல் மூன்று ஆல்பங்களையும் ‘ஆர்க்கைவ்ஸ்’ என்று ஒரே கட்டாக விற்றது. அமெரிக்காவில் ‘கரெஸ் ஆஃப் ஸ்டீல்’ஐத் தங்கத் தட்டு (ஐந்து லட்சம் பிரதி) என்று சான்றளித்தது 1993 டிசம்பரில், பதினெட்டு ஆண்டு கழித்து.

2015இன் ஆர்40 பயணத்தில் குழு தன் வரலாற்றைப் பின்னோக்கி வாசித்தது: புதிய பாட்டில் தொடங்கிப் பழையதுக்குப் போவது. கடைசிக் கட்டத்தில் பல பத்தாண்டுகள் கழித்து ‘லேக்சைட் பார்க்’ திரும்பி வந்தது. அந்தப் பயணமும் பியர்டின் மேடை வாழ்க்கையும் முடிந்தது 2015 ஆகஸ்ட் 1, இங்கிள்வுட் ஃபோரம் அரங்கில். 2026இல் லீயும் லைஃப்சனும் தொடங்குவதாகச் சொல்லியிருப்பதும் அதே அரங்கில்தான்.

இப்போது முதல்முறை கேட்கிறவர்கள் அச்சிட்ட வரிசையில் போக வேண்டியதில்லை. மாசி ஹால் பதிவில் ‘பாஸ்டீல் டே’யைக் கேட்டுவிட்டு, பி பக்கத்துக்குத் தாவி, ‘நோ ஒன் அட் த பிரிட்ஜ்’ தொடங்கி ‘பாக்கஸ் பிளாட்டோ’ வரை மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கலாம். பதினொரு நிமிடம்கூட ஆகாது. பிடித்தால் முழு லாம்னெத், அப்புறம் ‘லேக்சைட் பார்க்’. மந்திரவாதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கைப் பாட்டைத் தாண்டிப் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.